இரட்டை கார்புரேட்டர் போட்ட பிறகு மக்கர் செய்யும் செவ்ரலே 235: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

என்னிடம் இருப்பது 1957 மாடல் செவ்ரலே 3100 பிக்கப். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் 235 கன அங்குல இன்ஜின், லிட்டரில் சொன்னால் 3.9-க்குக் கொஞ்சம் குறைவு. கம்பெனி அதற்குக் கொடுத்தது நடுவில் ஒரே ஒரு ரோச்செஸ்டர் பி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கருவி), அதுவும் ஒற்றைத் தொண்டை, அதாவது காற்று போக ஒரே வழி. அதைக் கழற்றிவிட்டு ஓஃபன்ஹவுசர் அல்லது ஃபென்டன் கம்பெனி மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாய் அமைப்பு) வைத்து இரண்டு கார்புரேட்டர் பூட்டுவது அமெரிக்காவில் பல பத்தாண்டு பழைய ஆசை. செவ்ரலே கம்பெனிக்கே அந்த ஆசை இருந்தது. 1953-இல் வந்த முதல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் இதே 235-க்கு மூன்று கார்ட்டர் கார்புரேட்டர் வைத்து 150 குதிரைத்திறன் எடுத்தார்கள்.

நானும் பூட்டினேன். வண்டி முன்பைவிட மோசமாக ஓடியது. மூன்று வார இறுதிகள் ஜெட்டை, அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகை, மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் கோளாறு கார்புரேட்டரிலேயே இல்லை. மேனிஃபோல்டு ஹெட்டோடு ஒட்டும் இடத்தில் காற்று புகுந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் தெரிந்தவர்கள் வண்டிகள் நான்கைந்தைப் பார்த்தாயிற்று. ஜெட் காரணமாக இருந்தது ஒன்றில்தான். அதனால் இந்தக் குறிப்பில் ஜெட் கடைசியில் வரும். அதுவரை ஜெட் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

முதலில் ஆறு பிளக்கையும் கழற்றுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் தொடக்கம் இதுதான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஒரே சீராக ஓட்டி, அப்படியே இன்ஜினை நிறுத்தி ஓரம்கட்டி, ஆறையும் கழற்றி வரிசையாக ஒரு துணியில் வையுங்கள். அரை மணி நேரம் ஐடிலிங்கில் விட்டுவிட்டுக் கழற்றினால் எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கும், ஒன்றும் தெரியாது.

இந்த ஹெட்டில் ஆறு சிலிண்டருக்கு இன்டேக் வாசல் (கலவை உள்ளே போகும் வழி) மூன்றுதான். 1-ம் 2-ம் ஒன்றைப் பங்குபோடும், 3-ம் 4-ம் ஒன்று, 5-ம் 6-ம் ஒன்று. முன் கார்புரேட்டர் முதல் வாசலுக்கும் நடு வாசலுக்கும் இடையில் இருக்கிறது; பின் கார்புரேட்டர் நடு வாசலுக்கும் கடைசி வாசலுக்கும் இடையில். ஆக 1, 2 முன்னதை நம்பிப் பிழைக்கின்றன, 5, 6 பின்னதை நம்பி. 3, 4 இரண்டு வீட்டிலும் சாப்பிடும் பிள்ளைகள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பிளக்கின் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

அடுத்தடுத்த ஒரு ஜோடி மட்டும் வெளுத்திருந்தால் அந்த வாசலில் காற்று புகுகிறது. 1, 2 ஒரு நிறம், 5, 6 வேறு நிறம், 3, 4 நடுவாந்தரம் என்றால் இரண்டு கார்புரேட்டரும் சமமாக வேலை செய்யவில்லை. ஆறும் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், கீழே பார்ப்போம். ஒரே ஒரு பிளக் மட்டும் தனியாக நிறம் மாறியிருந்தால் கார்புரேட்டரை விட்டுவிடுங்கள். அது பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, வால்வு, ரிங் சமாச்சாரம். ஜோடியாகவே சாப்பிடும் சிலிண்டர்களில் ஒன்று மட்டும் பட்டினி கிடக்க வழியில்லை.

இந்த நேரத்திலேயே பற்றவைப்பையும் பார்த்துவிடுங்கள். பிளக் இடைவெளி 0.035 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட் புதிது என்றால் 0.019, ஓடிப் பழகிய பாயின்ட் என்றால் 0.016. ஃபயரிங் வரிசை 1-5-3-6-2-4. டைமிங் குறி முன்பக்கப் புல்லியில் இருக்கும் என்று தேடாதீர்கள். ஃப்ளைவீலில் பதித்த ஒரு சின்ன எஃகு உருண்டைதான் குறி. ஸ்டார்ட்டர் பக்கத்து ஓட்டை வழியாக லைட் அடித்துப் பார்க்க வேண்டும். எழுபது வருஷ அழுக்கில் அது மறைந்திருக்கும். துடைத்து வெள்ளைப் பெயின்ட் ஒரு சொட்டு வைத்துவிட்டால் ஆயுசுக்கும் நிம்மதி.

ஐடிலிங் நிற்கவில்லை, ஏறி ஏறி இறங்குகிறது

இரட்டை கார்புரேட்டர் வண்டிகளில் மிக அதிகமாக வரும் புகார் இதுதான், பெரும்பாலும் காற்றுக் கசிவு.

இந்த இன்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து அழுத்துவது ஒரே கிளாம்ப். அதாவது கிளாம்பின் ஒரு கால் இன்டேக்கின் காது (கிளாம்ப் அழுத்தும் நீட்டம்) மேலும், மறு கால் எக்ஸாஸ்ட் காது மேலும் உட்காருகிறது. பழைய இரண்டும் ஒன்றாகவே பிறந்தவை, காதுகளின் தடிமன் ஒன்றாக இருந்தது. நீங்கள் புதிதாக வாங்கிய அலுமினிய இன்டேக்கின் காது அரை மில்லிமீட்டர் மெலிதாக இருந்தால் கிளாம்ப் எக்ஸாஸ்டை மட்டும் அழுத்தும். போல்ட்டை எத்தனை முறுக்கினாலும் இன்டேக் சும்மா ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். என் வண்டியில் இருந்தது இதே கதை.

பார்ப்பது சுலபம். இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது, பற்றவைக்காத புரொப்பேன் சிலிண்டரில் ஒரு மெல்லிய ஹோஸ் மாட்டி, வாசல் வாசலாக ஓரத்தில் காட்டுங்கள். கசியும் இடத்தில் இன்ஜின் அந்த வாயுவை உறிஞ்சும், சத்தம் மாறும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடிப்பவர்களும் உண்டு; சூடான எக்ஸாஸ்ட் அரை அடி தள்ளி இருக்கிறது என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. தண்ணீர் ஸ்பிரே பாட்டில்கூடப் போதும். எதைச் செய்தாலும் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கசிவு உறுதியானால் மேனிஃபோல்டைக் கழற்றி, ஒவ்வொரு கிளாம்பின் கீழும் இரண்டு காதுகளின் தடிமனையும் வெர்னியரால் அளங்கள். தடித்த பக்கத்தை அரம் போட்டுக் குறைக்கலாம், அல்லது கிளாம்பின் ஒரு காலை உயர்த்தலாம். நேர்க்கோல் வைத்து முகம் கோணியிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்டேக் வாசல்களில் மையம் பிடிக்க ஒரு உலோக வளையம் உண்டு. புது மேனிஃபோல்டின் துளை விட்டம் அதற்குப் பொருந்தாவிட்டால் வளையம் இடித்துக்கொண்டு மேனிஃபோல்டு முழுசாக உட்காராது. மறுபடி முறுக்கும்போது நடுவிலிருந்து வெளியே வாருங்கள். ஓரத்துக் கிளாம்புகளுக்கு நடுவில் கொடுத்த வலுவைக் கொடுக்க வேண்டாம்; நீண்ட மேனிஃபோல்டு சூட்டில் நீளும், ஓரம் நகர இடம் வேண்டும். இறுக்கிப் பூட்டினால் காது உடையும். ஒருமுறை நன்றாகச் சூடாக்கி ஆறவிட்டு மறுபடி முறுக்குவதை மறக்காதீர்கள்.

கசிவு இல்லை என்று தெரிந்தபின் வேக்குவம் கேஜ் மாட்டுங்கள். கடல் மட்டத்துக்கு அருகில் நல்ல 235 ஐடிலிங்கில் 18 முதல் 20 அங்குலம் (பாதரச அளவில்) அசையாமல் காட்டும். முள் சீராக ஆனால் தாழ்வாக நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கலாம். முள் ஒரே தாளத்தில் துள்ளினால் வால்வு. முன்கண்ணாடித் துடைப்பானுக்குப் போகும் வேக்குவம் குழாய் இருக்கும் வண்டியானால் அதையும் அடைத்துப் பாருங்கள். பழைய ரப்பரை நம்ப முடியாது.

டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸுக்கு (வேக்குவத்தைக் கொண்டு டைமிங்கை முன்தள்ளும் அமைப்பு) போகும் குழாய் ஒரு கார்புரேட்டரிலிருந்து மட்டும் போதும். மற்றதில் அந்தத் துளை திறந்தே கிடக்கும், அதை மூட வேண்டும். அது த்ராட்டில் தகட்டுக்கு (மிதிக்கும்போது காற்றுவழியைத் திறக்கும் தகடு) மேலே இருப்பதால் ஐடிலிங்கில் எதுவும் தெரியாது. மிதித்தபிறகுதான் காற்றை உறிஞ்சும்.

ஐடில் ஸ்க்ரூவைத் திருகினால் ஒரு மாற்றமும் இல்லை

த்ராட்டில் ஏற்கெனவே அதிகம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு கார்புரேட்டர் மூடியே கிடக்க, மற்றது தனியாக இன்ஜினை இழுத்துக்கொண்டிருக்கும். சமன்படுத்த வேண்டும்.

இரண்டையும் இணைக்கும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். வேக ஸ்க்ரூ இரண்டையும் முழுக்கப் பின்வாங்கி, த்ராட்டில் மூடியபிறகு ஸ்க்ரூ தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இரண்டுக்கும் ஒரே சுற்று உள்ளே. ஐடிலிங்கில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஊசி இரண்டையும் மெதுவாக முட்டும்வரை மூடி, ஒன்றரைச் சுற்று திறங்கள். அழுத்தி மூடினால் ஊசி முனையில் பள்ளம் விழும், பிறகு அந்த ஊசி குப்பைக்குத்தான்.

இன்ஜின் சூடேறியதும் அரை மீட்டர் ரப்பர் ஹோஸ் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கார்புரேட்டர் வாயில் வையுங்கள். ஸ்ஸ் என்று கேட்கும். அடுத்ததிலும் அதே இடத்தில், அதே ஆழத்தில் வைத்துக் கேளுங்கள். இரண்டு சத்தமும் ஒன்றாகும்வரை வேக ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள். காற்றோட்டம் அளக்கும் யூனிசின் என்ற கருவி விற்கிறது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் காதுக்குச் சுலபமாகத் தெரிந்துவிடும் வேலை இது. பிறகு மிக்சர் ஊசிகளைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல், ஒன்றை மாற்றி ஒன்றாக, வேக்குவம் மிக அதிகமாகும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக இணைப்புக் கம்பி. அதன் நீளத்தைச் சரிசெய்து, எந்தத் த்ராட்டிலும் அசையாமல் பின் தானாக வழுக்கி உள்ளே போக வேண்டும். தள்ளி நுழைக்க வேண்டியிருந்தால் நீளம் தப்பு. இத்தனை நேரம் பிடித்த சமநிலையைக் கம்பியே குலைத்துவிடும்.

இதெல்லாம் செய்தும் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், அவை இரண்டும் உண்மையில் ஒரே கார்புரேட்டர்தானா என்று பாருங்கள். பழைய சாமான் சந்தையில் ஜோடி என்று விற்பதில் ஒன்று காருக்குப் போட்டதாகவும் மற்றது பிக்கப்புக்குப் போட்டதாகவும் இருப்பது சாதாரணம். வெளியே அச்சு அசல், உள்ளே ஜெட் வேறு.

கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, ஆறு பிளக்கும் கரி

இங்கே சந்தேகப்பட வேண்டிய வரிசை: சோக், பம்ப் அழுத்தம், மிதவை, பவர் வால்வு.

சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றை மறிக்கும் தகடு) இரண்டும் முழுசாகத் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அது ஒரு நிமிட வேலை.

இந்தக் கார்புரேட்டருக்கு 4 பி.எஸ்.ஐ. அளவில் பெட்ரோல் அழுத்தம் போதும். இன்ஜினோடு வந்த மெக்கானிக்கல் பம்ப் அந்த அளவில்தான் தரும். பலர் இரட்டை கார்புரேட்டர் போட்ட உற்சாகத்தில் எலெக்ட்ரிக் பம்பும் சேர்த்து வைத்துவிடுகிறார்கள். அதில் 7 பி.எஸ்.ஐ. வந்தால் கிண்ணத்துக்குள் வரும் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வு மூட முடியாமல் தோற்றுப்போகும், பெட்ரோல் நிரம்பி வழியும். இரண்டு கார்புரேட்டர் என்பதால் இன்ஜின் இரண்டு மடங்கு குடிக்கப் போவதில்லை. பழைய பம்ப் நல்ல நிலையில் இருந்தால் அதுவே தாராளம்.

ஐடிலிங்கில் மேலிருந்து டார்ச் அடித்து வெஞ்சுரிக்குள் (தொண்டையின் குறுகிய பகுதி) பாருங்கள். மெயின் நாசிலிலிருந்து பெட்ரோல் சொட்டக் கூடாது. சொட்டினால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் மட்டம் உயரமாக இருக்கிறது அல்லது மிதவையே ஓட்டை. பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டுங்கள், உள்ளே சளக் என்றால் தீர்ந்தது. சந்தேகம் என்றால் சூடான தண்ணீரில் அமுக்குங்கள், ஊசித்துளை இருந்தால் குமிழி வரும். அழுத்தமும் மிதவையும் சரியாக இருந்தும் சொட்டினால் ஊசி-சீட் தேய்ந்திருக்கிறது.

மீதி இருப்பது பவர் வால்வு. ரோச்செஸ்டர் பி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பலவீனம் இது. மேல்மூடியில் ஒரு சின்னப் பிஸ்டன் இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் வேக்குவம் அதை மேலே பிடித்து வைத்திருக்கும். முழுசாக மிதிக்கும்போது வேக்குவம் விழ, ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளி, கூடுதல் பெட்ரோலுக்கு வழி திறக்கும். அந்த வேக்குவம் கீழேயிருந்து கிண்ணம் வழியாக, கேஸ்கட்டைத் தாண்டி மேல்மூடிக்குப் போகிறது. வருஷக்கணக்கில் ஸ்க்ரூவை இறுக்கி இறுக்கி மேல்மூடி வளைந்திருந்தால் அந்த இடத்தில் வேக்குவம் கசியும், பிஸ்டன் மேலே நிற்காது, வால்வு எப்போதும் திறந்தே கிடக்கும். பிறகு எந்த ஜெட் போட்டாலும் வண்டி ரிச்சாகத்தான், அதாவது பெட்ரோல் மிகுந்துதான், ஓடும். மேல்மூடியைக் கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். ஆடினால் வளைவு. கண்ணாடி மேல் நைஸ் எமரித்தாளை ஒட்டி, எட்டு வடிவத்தில் பொறுமையாகத் தேய்த்து மட்டமாக்கிப் புது கேஸ்கட் போட வேண்டியதுதான்.

மிதித்தவுடன் திக்குகிறது

மிதித்தவுடன் கூடுதல் பெட்ரோல் பீச்சும் ஆக்ஸிலரேட்டர் பம்பை முதலில் பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, த்ராட்டிலைத் திறந்தால் இரண்டு கார்புரேட்டரிலும் உடனடியாகத் தாரை அடிக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்து அடித்தாலும் தப்புதான். இங்கே அமெரிக்காவில் பெட்ரோலில் 10 சதவீதம்வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய பம்ப் கப்கள் சீக்கிரம் கெட்டுப்போகின்றன. எத்தனால் தாங்கும் கிட் என்று கேட்டு வாங்குங்கள்.

தாரை இரண்டிலும் நன்றாக இருந்தும் திக்கினால், திக்குவது எப்போது என்று கவனியுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திக்கி, சூடேறியபின் சரியாகிறது என்றால் மேனிஃபோல்டுக்குச் சூடு போதவில்லை. பழைய அமைப்பில் இன்டேக்கின் நடுப்பகுதி எக்ஸாஸ்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அந்தச் சூட்டில்தான் பெட்ரோல் ஆவியாகும். இரண்டாகப் பிரித்த எக்ஸாஸ்ட் போட்டவர்கள் அந்த அடுப்பை அணைத்துவிட்டார்கள். பெட்ரோல் துளிகளாகவே சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தீர்வு, மேனிஃபோல்டின் அடியில் ரேடியேட்டர் வெந்நீர் ஓடும் தகடு ஒன்றைப் பொருத்தி, ஹீட்டர் ஹோஸிலிருந்து இணைப்பது.

சூடாக இருந்தாலும் திக்குகிறது, அதுவும் மெதுவாக மிதித்தால் மட்டும் என்றால், இரண்டு தொண்டைகளில் காற்றின் வேகம் குறைந்துவிட்டது. முன்பு ஒரே வழியில் போன காற்று இப்போது இரண்டாகப் பிரிகிறது, மெயின் நாசில் தாமதமாகத்தான் பெட்ரோல் கொடுக்கத் தொடங்கும். இரண்டையும் சரியாகச் சமன்படுத்தியிருந்தால் இது அநேகமாகத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். இதே காரணத்தால்தான் இந்த இன்ஜினுக்குப் பெரிய நான்கு தொண்டை கார்புரேட்டர் வேண்டாம் என்கிறேன். 4,000 ஆர்.பி.எம்.-இல் 235 கன அங்குலம் முழுசாக மூச்சு இழுத்தாலும் நிமிடத்துக்குச் சுமார் 272 கன அடி காற்றுதான். நடைமுறையில் அதுவும் வராது. 600 கன அடி கார்புரேட்டரை இதன் தலையில் வைப்பது குழந்தைக்கு அண்டாவில் பால் கொடுப்பது போல.

ஈரமான குளிரில் பத்து நிமிடம் ஓடியபின் நின்றுவிடுகிறது

நான் இருப்பது ஓரிகனில். நவம்பர் தொடங்கி மாதக்கணக்கில் தூறலும் 5 டிகிரிக் குளிரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி சிக்னலில் நின்றதும் அணைந்துபோகும். ஸ்டார்ட் ஆகாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பாயின்ட், காயில், பம்ப் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு மாற்றியவர்கள் உண்டு.

பனிக்கட்டிதான் காரணம். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டைப் பறிக்கிறது, த்ராட்டில் தகட்டருகே வெப்பம் உறைநிலைக்குக் கீழே போகிறது, காற்றின் ஈரம் அங்கே பனியாகப் படிந்து ஐடில் துளைகளை அடைக்கிறது. நிறுத்தியபின் இன்ஜின் சூடு மேலேறி உருக்கிவிடுகிறது. நின்ற கணத்திலேயே ஏர் கிளீனரைக் கழற்றிப் பார்த்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்; கார்புரேட்டர் அடிப்பாகம் வெளியே வியர்த்திருக்கும். இதற்கும் அதே வெந்நீர்த் தகடுதான் மருந்து.

சூடாக நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை

முந்தையதற்கு நேர் எதிர். கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வடிந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை அடித்து அடித்து மிதிக்காமல், முழுசாக மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். நிரந்தரத் தீர்வுக்கு, கார்புரேட்டரின் அடியில் சூடு கடத்தாத தடித்த பேக்கலைட் ஸ்பேசர் வையுங்கள், பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்குங்கள். பழைய எக்ஸாஸ்டை வைத்திருப்பவர்கள், சூட்டைத் திருப்பிவிடும் மடல் மூடிய நிலையில் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். வசந்தகாலத்தில் திடீரென்று வெயில் அடிக்கும் நாட்களில் இது மோசமாகும், பங்கில் அப்போதும் சீக்கிரம் ஆவியாகும் குளிர்காலப் பெட்ரோல் இருப்பதால்.

காலை எடுத்தும் வேகம் குறையவில்லை

வண்டியை எடுக்காதீர்கள். இரண்டு த்ராட்டிலுக்கும் தனித்தனி ரிட்டர்ன் ஸ்பிரிங் இருக்க வேண்டும். ஒருவரை முழுசாக மிதிக்கச் சொல்லி, இணைப்பு நெம்புகோல் நேர்க்கோட்டைத் தாண்டி மறுபக்கம் சாய்ந்து மாட்டிக்கொள்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். தளர்ந்த இன்ஜின் மவுன்ட்டும் இதைச் செய்யும். இழுவையில் இன்ஜின் சாயும்போது கம்பியை இழுத்துவிடும்.

எல்லாம் சரி, ஆனால் மேட்டில் இழுக்கவில்லை

இப்போது ஜெட் டப்பாவைத் திறக்கலாம். ரோச்செஸ்டர் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை என்று. 56 என்றால் 0.056 அங்குலம். நீண்ட ஏற்றத்தில் முழு மிதியில் போய், அங்கேயே நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். ஆறும் வெளுத்திருந்தால் இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே எண் மேலே. ஆறும் கரியாக இருந்தால் ஒரு எண் கீழே. ஒரு கார்புரேட்டரில் மட்டும் மாற்றாதீர்கள்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். ஆயிரம் அடி ஏறினால் காற்று ஏறக்குறைய 3 சதவீதம் மெலிகிறது, வேக்குவம் கேஜும் ஓர் அங்குலம் குறைவாகக் காட்டும். சேலத்திலிருந்து, நம்ம சேலம் இல்லை, ஓரிகன் தலைநகரம், சான்டியம் கணவாய் வழியாகப் போனால் 4,800 அடிக்கு மேல் ஏற வேண்டும். உச்சியில் என் வண்டி கொஞ்சம் ரிச்சாகத்தான் ஓடும், லேசாகப் புகைக்கும். வருஷத்தில் நான்கு தடவை போகிற கணவாய்க்காக ஜெட்டைக் குறைத்தால் மீதி நாளெல்லாம் கீழே லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து, ஓடி வால்வைச் சுடும். பள்ளத்தாக்குக்குச் சரியான ஜெட்டையே விட்டு வைத்திருக்கிறேன்.